பழைய காரின் மின்கோளாறுகள்: எந்தக் கருவி கைகொடுக்கிறது, எது ஏமாற்றுகிறது

கைமாறி வந்த காரோடு பேட்டரி மாற்றிய ரசீது இரண்டும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் பாகம்) மாற்றிய ரசீது ஒன்றும் சேர்ந்து வந்தால், கோளாறு இன்னும் காருக்குள்ளேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு, பத்து வருடம் ஓடிய வண்டியில் பாகங்கள் சாவதைவிட இணைப்புகள் கெடுவதுதான் அதிகம். துருப்பிடித்த எர்த் போல்ட் (மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு), பச்சை பூத்த கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் செருகி), கதவு மடிப்பில் அறுந்த ஒயர், யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன ஜாயின்ட். பாகம் மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுவார்கள். அந்த உரசலிலேயே பின் கொஞ்சம் சுத்தமாகி, சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடும். புதுப் பாகத்துக்குத்தான் நல்ல பெயர் போகும். பிறகு அதே கோளாறு திரும்பி வரும்.

இந்த வேலைக்கு உண்மையில் பயன்படுபவை நான்கு: டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் வைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், ஒயரைக் கவ்வியே மின்சாரத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர், காரின் கணினியிலிருந்து பழுதுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். வாங்கத் தூண்டுவது கடைசி இரண்டும். பல வருடப் பயன்பாட்டில் கைக்கு அடிக்கடி வருவது முதல் இரண்டும்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் பேட்டரி. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, எதுவும் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0க்குக் கீழே போனால் காலிக்குப் பக்கம். நின்ற வோல்டேஜ் மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். முழு சார்ஜில் இருந்தும் இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது வழக்கமாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை ஈசியு (எஞ்சின் கணினி) கட்டுப்படுத்துவதால் 12.8க்கு இறங்கும், 15க்குப் பக்கமும் ஏறும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள். ஹெட்லைட்டையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போட்டுவிட்டு வோல்டேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்டேஜுக்கு மாற்றி அதே பேட்டரி டெர்மினலில் வைத்தால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டையோடின் நிலையும் தெரியும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். சில மலிவு மீட்டர்கள் டிசியையும் சேர்த்து ஏசி என்று காட்டிவிடும். நல்ல வண்டி ஒன்றில் வைத்து மீட்டரின் குணத்தை முன்பே தெரிந்துகொள்வது உத்தமம்.

இனி மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம். ஹெட்லைட் கப்ளரைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட் வருகிறது, மாட்டினால் லைட் மங்கல். பல்பை மாற்றினாலும் அதே கதை. காரணம் எளிது. மீட்டரின் உள்தடை ஏறக்குறைய 10 மெகாஓம். அது இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. வழியில் ஒரு பின் பச்சை பூத்து 5 ஓம் தடை வந்திருந்தாலும் மீட்டருக்கு அது தெரியாது, முழு வோல்டேஜையும் காட்டும். 55 வாட் பல்பு எரியும்போது அதன் தடையே 2.6 ஓம்தான். அதோடு 5 ஓம் தொடராகச் சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது 4 வோல்ட்டுக்கும் கீழே. அதனால்தான் டெஸ்ட் லேம்ப். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். கெட்ட இணைப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒயர் அறவில்லை என்று மீட்டர் எழுப்பும் கண்டின்யூட்டி பீப் சத்தத்தை நம்பி ஒயர் நல்லது என்று தீர்ப்புச் சொல்வதும் இதே வகைத் தவறு.

கப்ளரைக் கழற்றாமல், லோடு (மின்சாரம் இழுக்கும் பல்போ மோட்டாரோ) ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதுதான் சரியான முறை. லைட்டைப் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை பல்பின் பாசிட்டிவ் பின்னில். காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்துபோன வோல்டேஜ். சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) எல்லாம் சேர்ந்து 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து சிவப்பு பல்பின் எர்த் பின்னில், கறுப்பு பேட்டரி நெகட்டிவில். இங்கே 0.1 நல்லது, 0.2ஐத் தாண்டினால் எர்த்தைத் தேடிப் போகவேண்டியதுதான். செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலும் இதே சோதனை: பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வைத்து செல்ஃப் அடித்தால் 0.3க்குள் இருக்கவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கோளாறு செல்ஃப் மோட்டாரில் இல்லை, எர்த் பட்டையில் இருக்கிறது. முனைகளைக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பூப்புதான் பல நேரம் குற்றவாளி.

எர்த் கெட்டால் வரும் அறிகுறிகள் வேடிக்கையானவை. இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் பிரேக் லைட் மங்கலாகத் துடிக்கும். பின்விளக்குகளுக்குப் பொதுவான எர்த் அறுந்ததும் மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போகப் பார்ப்பதால் வரும் ஆட்டம் இது. சரிசெய்வது பத்து நிமிட வேலை. போல்ட்டைக் கழற்றி, லக்கின் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) இரு பக்கத்தையும் பாடியில் அது உட்காரும் வட்டத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசவேண்டும். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குபவர்கள் உண்டு. உலோகமும் உலோகமும் முதலில் சேரட்டும், கிரீஸ் ஈரத்தைத் தடுக்க மட்டும்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்ற புகாருக்குப் பொறுமைதான் முதல் கருவி. நிறுத்திய வண்டி 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. 50 என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி; 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைக் குடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். 300 என்றால் நான்கு நாளில் பாதி காலி. அளக்கும் விதம் இப்படி. பானட்டைத் திறந்து, கதவைத் திறந்தபடியே வைத்து அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதாக ஏமாற்றுங்கள். பானட்டுக்கும் சுவிட்ச் இருந்தால் அதற்கும் அப்படியே. சாவியைத் தூரமாக வையுங்கள். நெகட்டிவ் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு தடித்த ஜம்பர் ஒயரைப் போட்ட பிறகே கிளாம்பைக் கழற்றவும். மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு ஜம்பருக்கு இணையாக மாட்டவும். அரைமணி, சில வண்டிகளுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருந்து, எல்லா மாட்யூல்களும் (காரின் சிறு கணினிகள்) தூங்கிய பிறகு ஜம்பரை எடுத்தால் உண்மையான எண் தெரியும். இடையில் இக்னிஷன் போட்டாலோ செல்ஃப் அடித்தாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அதிகமாக இழுக்கிறது என்று தெரிந்ததும் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. இன்றைய வண்டிகளில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொண்டு மறுபடி அரைமணி காக்கவைக்கும். ஃபியூஸை எடுக்காமலே, அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கும் குறுக்கே மில்லிவோல்ட் அளப்பது மேல். 10 ஆம்பியர் ஃபியூஸில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகக் காட்டும், எனவே 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர் வேண்டும். பூஜ்யம் காட்டும் ஃபியூஸ்களை விட்டுவிடலாம். எல்லா ஃபியூஸும் பூஜ்யம் என்றால் ஆல்டர்னேட்டர் மேல் கை வையுங்கள்: பல மணி நேரம் நின்ற வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு வழியாகக் கசிகிறது. கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்கு வசதி, ஆனால் 50 மில்லிஆம்பியர் அளவில் அதன் பூஜ்யமே நகர்ந்துகொண்டிருக்கும். பெரிய கசிவைக் கண்டுபிடிக்க மட்டும் நம்பலாம்.

போட்ட ஃபியூஸெல்லாம் டப்பென்று போகிறதா? ஃபியூஸ் டப்பாவைக் காலி செய்யாதீர்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் அதே 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஒயருக்கும் ஆபத்தில்லை. அந்த ஃபியூஸ் ஊட்டும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு மங்கும் இடமே ஷார்ட் இருக்கும் இடம். சிவப்பு 10 ஆம்பியர் போகிறதே என்று மஞ்சள் 20 போடுபவர்களைப் பற்றி என்ன சொல்ல! அடுத்து எரிவது ஒயர்.

கதவு, டிக்கி மடிப்புகளில் இருக்கும் ரப்பர் குழாயைத் தனியாகச் சொல்லவேண்டும். பவர் விண்டோ சில நேரம் வேலை செய்து சில நேரம் நின்றால், சென்ட்ரல் லாக் கதவைப் பாதி திறந்தால் மட்டும் கேட்டால், மோட்டாரைத் தொடும் முன் இந்த ரப்பரை இழுத்துப் பாருங்கள். வெளி உறை முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்தால் அறுந்தது ரப்பர்போல நீளும். மடிப்பிலேயே ஜாயின்ட் போட்டால் சில மாதத்தில் அதன் ஓரத்தில் மறுபடி அறுந்துவிடும். ஈயம் ஒயருக்குள் ஊறி விறைத்துப்போவதால் சால்டர் இங்கே இன்னும் மோசம். 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அதே கனமுள்ள, மெல்லிய இழைகள் நிறைந்த செம்பு ஒயரைப் புதிதாகப் போட்டு, ஜாயின்ட் ஒரு பக்கம் கதவுக்குள்ளும் மறுபக்கம் கேபினுக்குள்ளும் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நசுக்கிப் பிணைத்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடவேண்டும். பக்கத்துப் பக்கத்து ஒயர்களின் ஜாயின்ட்கள் ஒரே இடத்தில் குவிந்தால் ரப்பருக்குள் நுழையாது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

ரிலே மேல் சந்தேகம் வந்தால் அதைச் சோதிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். ஹார்னுக்கு இருக்கும் அதே எண்ணுள்ள ரிலேவை மாற்றி மாட்டினால் விடை வந்துவிடும்.

ஸ்கேனர் பற்றி: அது பொய் சொல்வதில்லை, ஆனால் காரணத்தைச் சொல்வதும் இல்லை. பேட்டரி இறங்கிய வண்டியில் ஏபிஎஸ், ஸ்டியரிங், கியர் என்று பத்து, பன்னிரண்டு பழுதுக் குறியீடுகள் (கோட்) கொட்டும். எழுதி வைத்துக்கொண்டு, பேட்டரியை முழுதாக ஏற்றி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவதை மட்டும் துரத்தினால் போதும். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற 'U' என்று தொடங்கும் குறியீடுகள் திரும்பி வந்தால் மல்டிமீட்டரே மறுபடி உதவும்: பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி கப்ளரின் 6, 14 பின்களுக்கு நடுவே 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் மாட்யூல்கள் பேசும் லைனின் ஒரு முனையில் உள்ள தடையோ லைனோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் ஷார்ட். நடுவே கேட்வே (ஓபிடி கப்ளருக்கும் மற்ற லைன்களுக்கும் இடையே நிற்கும் மாட்யூல்) உள்ள வண்டிகளில் இந்த எண் மாறும். அங்கே சர்க்யூட் படம் இல்லாமல் இறங்கக்கூடாது.

ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே வைக்காதீர்கள். ஈசியுவுக்குப் போகும் சென்சார் ஒயர்களிலும் 21 வாட் பல்பு கூடாது.

கடைசியாக மீட்டரின் உடம்பும் முக்கியம். அதன் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் பல மீட்டர்கள் அதிகமாகக் காட்டும். நல்ல பேட்டரியே 13.5 என்று வந்தால் சந்தேகப்படவேண்டியது மீட்டரை. ஒயர் முனைகள் கைப்பிடியை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் அறுந்துபோகும். இரண்டு முனையையும் தொட்டுப் பிடித்து ஆட்டினால் ஓம் எண் குதிக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தால் கசிவு பூஜ்யம் என்று காட்டி, வண்டி சுத்தம் என்று நம்பவைக்கும். அதனால் கசிவு அளக்கும் முன் மீட்டரை டெஸ்ட் லேம்ப்போடு தொடராக மாட்டி 1.7 ஆம்பியர் அளவில் ஓர் எண் வருகிறதா என்று பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.