பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ்: எந்தத் துண்டுக்கு எந்தச் சோதனை?

கடினத்தன்மையைச் சோதிக்கும் மூன்று எந்திரங்களும் செய்வது ஒரே வேலைதான்: கடினமான முனை ஒன்றை உலோகத்தின் மேல் அழுத்திக் குழி போடுகின்றன. பிரினெலும் விக்கர்ஸும் குழியின் அகலத்தை அளக்கின்றன, ராக்வெல் ஆழத்தை அளக்கிறது. தேர்வுத்தாளுக்கு இவ்வளவு போதும். லேபில் துண்டு கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த உலோகத்தின் உள்ளமைப்புக்கு எவ்வளவு பெரிய குழி தேவை?

சாம்பல் வார்ப்பிரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிராஃபைட் செதில்கள் பரவிக் கிடக்கின்றன. சிறிய முனை செதில் மேல் இறங்கினால் ஓர் எண் வரும், அருகில் பெர்லைட் (செதில்களைச் சூழ்ந்திருக்கும் கடினமான இரும்புப் பகுதி) மேல் இறங்கினால் வேறோர் எண் வரும். பிரினெலின் 10 மி.மீ. குண்டோ 3000 கிலோ பளுவில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி போடும். செதிலும் இரும்பும் சேர்ந்த சராசரி அதில் கிடைத்துவிடும். 1900-ல் ஸ்வீடனின் யோஹான் பிரினெல் அறிமுகப்படுத்திய முறை வார்ப்படச் சாலைகளில் இன்றும் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ராக்வெல்லும் பிரினெல்லும் சேர்ந்த சிறிய எந்திரம் 3000 கிலோவைத் தாங்காது. அதில் 2.5 மி.மீ. குண்டும் 187.5 கிலோவும் பயன்படும். பளுவைக் குண்டு விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எஃகுக்கு 30 வர வேண்டும் என்பதுதான் கணக்கு. பித்தளைக்கு 10, மென்மையான அலுமினியத்துக்கு 5. எஃகுக்கான பளுவையே அலுமினியத்துக்கும் கொடுத்தால் குழியின் அகலம் குண்டு விட்டத்தில் 0.6 பங்கைத் தாண்டிவிடும், அந்த எண் செல்லாது.

பிரினெலில் பிழை பெரும்பாலும் கண்ணில்தான் நுழைகிறது. 187.5 கிலோவில் 1.3 மி.மீ. குழி விழுந்தால் கடினத்தன்மை 131. அதே குழியை 1.2 என்று படித்தால் 156. குழியின் விளிம்பு மேடுகட்டி மங்கலாகத் தெரியும். ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்களைப் படித்துச் சராசரி எடுங்கள். இவ்வளவு பாடுபடுவதற்குப் பலனும் உண்டு: சாதாரண எஃகுக்குப் பிரினெல் எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் தோராயமாகக் கிடைத்துவிடும்.

ராக்வெல் பிறந்தது பால் பேரிங் தொழிற்சாலைத் தேவையில். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹியூ ராக்வெல்லும் ஸ்டான்லி ராக்வெல்லும் 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பளு இரண்டு கட்டமாக ஏறும்: முதலில் 10 கிலோ, பிறகு சி அளவில் (கடினமான எஃகுக்கான, வைர முனை கொண்ட அளவுகோல்) மொத்தம் 150 கிலோ. பெரும்பளுவை எடுத்துவிட்டு, 10 கிலோ மட்டும் இருக்கும்போதுதான் டயலைப் படிக்க வேண்டும். பெரும்பளு இருக்கையிலேயே படித்தால் மீண்டெழக்கூடிய ஆழமும் சேர்ந்து எண் குறைந்துவிடும்.

ராக்வெல் எண்ணில் ஒரு புள்ளி என்பது வெறும் 2 மைக்ரான் ஆழம். துண்டின் அடியில் இருக்கும் பிசிறு பளுவில் 10 மைக்ரான் நசுங்கினாலே 5 புள்ளி போய்விடும். அதனால் அடிப்பக்கத்தையும் அரைத்துத் துடைத்துவிட்டு வையுங்கள். முனையையோ, துண்டைத் தாங்கும் ஆன்விலையோ மாற்றினால் அடுத்து வரும் முதல் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ராக்வெல்லைப் பற்றிய பெரிய கவலை இது: எதை வைத்தாலும் டயல் ஓர் எண்ணைக் காட்டிவிடும். மைல்ட் ஸ்டீலை வைர முனையில் சோதித்தாலும் எண் வரும். ஆனால் சி அளவில் 20-க்குக் கீழே வருவதை நம்பக் கூடாது. அதை 1.588 மி.மீ. குண்டுக்கும் 100 கிலோவுக்கும், அதாவது பி அளவுக்கு மாற்றுங்கள். குவெஞ்ச் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகைக் குண்டில் சோதித்தால் குண்டே கெட்டுப்போகலாம். வெப்பப் பதம் செய்த துண்டுகள் ஐம்பதை வேகமாகச் சரிபார்க்க ராக்வெல்லுக்கு நிகர் கிடையாது. ஆனால் மாணவர் முதலில் தொடும் எந்திரமாக அது இருக்கக் கூடாது. குழியைக் கண்ணால் பார்த்து அளக்க வைக்கும் பிரினெலில்தான் தொடங்க வேண்டும்.

விக்கர்ஸின் 136 பாகை வைரப் பிரமிடு மென்மையானதற்கும் கடினமானதற்கும் ஒரே அளவுகோலைத் தருகிறது. பளுவைக் கிலோவிலும் மூலைவிட்டத்தை மில்லிமீட்டரிலும் எடுத்து, 1.854-ஐப் பளுவால் பெருக்கி மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலை மெருகேற்றும் வேலை. கீறல் இருந்தால் குழியின் மூலை எங்கே முடிகிறது என்று தெரியாது.

ஆனால் கேஸ் ஹார்டனிங் செய்த, அதாவது மேல்தோலை மட்டும் கடினமாக்கிய பல்சக்கரத்துக்கு விக்கர்ஸை விட்டால் வேறு வழியில்லை. சி அளவில் 60 காட்டும் பரப்பில் வைர முனை 80 மைக்ரான் இறங்கியிருக்கும். அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 0.8 மி.மீ. தடிப்பு கீழே வேண்டும். கடினத் தோல் 0.5 மி.மீ. தான் என்றால் ராக்வெல் தோலையும் உள்ளிருக்கும் மென்மையான எஃகையும் கலந்தே அளக்கும். பல்லைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி, 1 கிலோ பளுவில் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குழிகளைப் போட்டு, 550 விக்கர்ஸுக்கு இறங்கும் இடம் வரை அளந்தால் தோலின் ஆழம் தெரியும். குழிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மூலைவிட்டத் தூரம் விடுங்கள்.

ரெக்கார்டில் வெறுமனே “60” என்று எழுதினால் போதாது. ராக்வெல் சி-யில் 60 என்றால் அரம், பி-யில் 60 என்றால் பித்தளைத் தகடு. அளவுகோல், முனை, பளு மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.