கூடலூர் பக்கம் ஞாயிறு பறை வகுப்பு: பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகளுக்கான இந்த இலவச வகுப்பில் முதலில் பாராட்ட வேண்டியது கருவிப் பராமரிப்பு. மேடையெல்லாம் அப்புறம்தான்.

பறை என்பது வேப்பமரத் துண்டுகள் மூன்றைத் தகடு வைத்து இணைத்த சட்டம். அதில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். மலை ஈரத்தில் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்றுதான் கேட்கும். காய்ச்சாமல் அடிக்கவே முடியாது. இங்கே பிள்ளைகளே காய்ச்சுகிறார்கள்: சருகுத் தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து. ஒரே இடத்தில் சூடேறினால் தோல் விளிம்பில் விட்டுவிடும், இல்லையென்றால் கிழியும். ஆடி மழையில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? பாதி வகுப்பு அதிலேயே ஓடிவிடுகிறது. அந்த மாதங்களுக்கு நாலைந்து ஃபைபர் பறை வாங்கி வைக்கலாம். நாதம் மட்டம்தான், கை பழகும்.

சொற்கட்டு (தாளத்தைச் சொல்லும் சொற்கள்) வாயில், அடவு (ஆட்டக் காலடி) காலில் ஏறிய பிறகே குச்சி தருகிறார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி. இடது கை சோம்பினால் உடனே நிறுத்திவிடுகிறார் ஆசிரியர். நல்ல கண்டிப்பு.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே அதிகம். பறை என்றதும் 'சாவு மேளமா?' என்று முகம் சுளிக்கும் பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். பெண் பிள்ளைகள் வரத் தொடங்கியது அதனால்தான்.

குறை: பள்ளியை விட்டு திருப்பூர் வேலைக்குக் கிளம்பும் வயதுப் பையன்களுக்குத் தனி வகுப்பு இல்லை. நிகழ்ச்சிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இல்லை, சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.