முண்டந்துறை, மாஞ்சோலை, செங்கல்தேரி: வழிகாட்டியோடு மூன்று நாள், கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது

புலி பார்க்கும் ஆசையில் இருப்பவர்கள் இந்தச் சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), கருமந்தி, இருவாட்சி, மலையணில், மிளா (கடமான்) இவற்றை நிதானமாக நின்று பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம், வழிகாட்டி யார் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு. அம்பாசமுத்திரத்தில் தங்கவைத்து, புரட்டாசி ஐப்பசி மாதங்களில் அழைத்துப்போகும் மூன்று நாள் திட்டம் இது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே திட்டத்தைப் பலர் விற்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் குறை விளம்பரத்திலேயே தொடங்குகிறது. 'மலைத் தேசியப் பூங்கா' என்று போடுகிறார்கள். இது தேசியப் பூங்கா அல்ல. 1962ல் அமைந்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976ல் அமைந்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து 1988ல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. முதுமலையில் இருப்பதுபோல வனத்துறை வண்டியில் ஏறிச் சுற்றிவரும் சவாரியை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வனச் சோதனைச் சாவடி திறந்த பிறகு உள்ளே போய், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். அனுமதித்த பாதையை விட்டு விலகக் கூடாது. புலி இருக்கிறது; ஆனால் செங்குத்தான சரிவும் அடர்ந்த மழைக்காடுமாக இருக்கிற இடத்தில், பகலில், சாலையில் நின்று அதைப் பார்ப்பது அபூர்வம். 'புலி நிச்சயம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தேதியைப் பொறுத்தவரை நிறுவனம் பாதி சரி. தென்மேற்குப் பருவம் அடங்கி, வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்கு நடுவில் ஓர் இடைவெளி உண்டு. செப்டம்பர் பின்பாதியிலிருந்து ஏறக்குறைய அக்டோபர் 20 வரை. முண்டந்துறை மேட்டுக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால், புரட்டாசியில் புல் காய்ந்து, ஓடைகள் வற்றியிருக்கும். மிளாவும் புள்ளிமானும் காட்டுமாடும் தாமிரபரணி, சேர்வலாறு கரைகளுக்கும் அணை நீர் ஒதுங்கிய புல்வெளிக்கும் இறங்கும். தீபாவளியை ஒட்டி மழை பிடித்துவிட்டால் எல்லா ஓடையிலும் தண்ணீர், விலங்குகள் கலைந்துவிடும். மேலே மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி பக்கம் கேட்கவே வேண்டாம், மாநிலத்தின் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலில் நிற்கும் இடங்கள் அவை. அக்டோபர் கடைசி வாரத்துக்கும் அதே கட்டணத்தில் முன்பதிவு வாங்குவது நியாயமில்லை.

வழிகாட்டிகளில் இரண்டு வகை. காரையாறு, சேர்வலாறு, மயிலாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், அல்லது வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர்கள் ஒரு வகை. ஓட்டுநர் வேலையோடு வழிகாட்டி வேலையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. வித்தியாசம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதல் வகை வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். விடியலில் ஆழமாக 'ஹூ, ஹூ' என்று முழங்குவது கருமந்தி. தொடர்ந்து சடசடவென்று கத்துவது மலையணில். மிளா ஒரே இடத்தைப் பார்த்தபடி திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், செந்நாயோ சிறுத்தையோ பக்கத்தில் இருக்கக்கூடும். இரண்டாவது வகை வழிகாட்டி அதற்குள் அடுத்த காட்சிமுனைக்குக் கிளம்பியிருப்பார்.

இந்தச் சுற்றில் அதிகம் நடக்கும் பிழை, கருமந்தியைக் காட்டி 'சிங்கவால் குரங்கு' என்று சொல்வது. இரண்டும் கறுப்பு, இரண்டும் மரத்தின் உச்சியில். வாலைப் பாருங்கள். கருமந்தியின் வால் உடலைவிட நீண்டு தொங்கும், தலைமயிர் பழுப்பு. சோலைமந்தியின் வால் குட்டை, நுனியில் குஞ்சம். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. அது அதிகம் சத்தமும் போடாது. கிளை அசைவதும் தின்றுபோட்ட கழிவு விழுவதும்தான் அடையாளம். கூட்டம் தென்பட்டால் குறைந்தது முக்கால் மணி நேரம் அதே இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொன்றாக வெட்டவெளிக் கிளையைத் தாண்டும். பத்து நிமிடத்தில் 'போகலாமா' என்று கேட்கிறவரோடு போனால் இலையைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மூன்று நாளில் செங்கல்தேரிதான் சிறந்தது. களக்காட்டிலிருந்து ஏறும் பாதை. அடிவாரத்தில் தலையணை என்ற இடத்தில் குளிக்க வரும் கூட்டம் கீழேயே தங்கிவிடும், மேலே அமைதி. இதற்குத் தனி அனுமதி வேண்டும், தலையணைச் சீட்டு செல்லாது. திட்டத்தில் 'செங்கல்தேரி' என்று போட்டுவிட்டுத் தலையணையோடு திருப்பி அனுப்புவது பழைய வித்தை, ஆகவே அனுமதிக் கடிதத்தின் நகலை முன்பணம் கட்டும்போதே கேளுங்கள். முண்டந்துறை நாள் சுமார். மாஞ்சோலை நாள் காட்சிக்கு நன்று, காட்டுயிருக்கு நடுத்தரம். குதிரைவெட்டியில் நின்று அணைகளைப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, அந்த நேரத்தைக் காக்காச்சியின் மழைக்காட்டு ஓரத்தில் செலவிட்டிருக்கலாம். தேயிலைத் தோட்ட வேலை 2024ல் நின்றுவிட்டதால், மேலே சாப்பாடு, டீ கிடைக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். நிறுவனம் கட்டிக்கொடுத்த புளியோதரையும் துவையலும் நன்றாகவே இருந்தன, வாழையிலையில் கட்டியது இன்னும் நல்லது. சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

பறவைகளுக்கு இது நல்ல பருவம், விளம்பரம் இதைச் சொல்லவே இல்லை என்பது வேடிக்கை. வடக்கேயிருந்து வலசை வருபவை இறங்கும் நேரம். ஆறுமணிக்குருவி அந்தியிலும் விடியலிலும் இரட்டைச் சீட்டி அடிக்கும். ஓடைப் பாறைகளில் வாலாட்டிகள் வந்துவிடும். இருவாட்சிக்கு இது கூடு காலம் அல்ல, அதனால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பறக்கும். மலை இருவாட்சியின் சிறகோசை ஆளுக்கு முன்னே வந்துசேரும். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழும் சிரிப்பான் வகைப் பறவை ஒன்றும் உயரமான சோலைகளில் உண்டு.

கொடுக்கிற பைனாகுலர் 10×25, அதாவது பத்து மடங்கு பெருக்கம், 25 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. மழைக்காட்டுக்கு அது உதவாது. முன்கண்ணாடி விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், 2.5 மில்லிமீட்டர்தான், நிழலில் படம் இருண்டுவிடும், பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடும். 8×42 என்றால் அதே கணக்கில் 5க்கு மேல். சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள். குளிர்சாதன வண்டியிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்பே குளிரை அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

அட்டைக்கு முழங்கால்வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை வேண்டும், பேன்ட்டை அதற்குள் செருக வேண்டும். நிறுவனம் தருவது உப்புப் பொட்டலம். ஒட்டிய அட்டையில் உப்பைப் போட்டால் அது குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். மெலிந்த முனையில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் கொஞ்ச நேரம் வழியத்தான் செய்யும்; அழுத்திப் பிடித்தால் போதும்.

ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர் சரி. இங்கே பன்னிரண்டு பேரை ஏற்றுகிறார்கள். ஒற்றையடிப் பாதையில் கடைசியில் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். சாலையோர நாட்டுக் குரங்குகளுக்கு ஓட்டுநர் பிஸ்கட் வீசுவதையும் யாரும் தடுக்கவில்லை, வனத்துறை கண்டால் அபராதம். புரட்டாசிச் சனிக்கிழமையைத் திட்டத்தில் வைக்காதீர்கள். திருக்குறுங்குடி மலைநம்பி கோவிலுக்கு அன்று கூட்டம் அலைமோதும், களக்காடு பக்கத்துச் சாலையும் வண்டியும் அதற்கே போய்விடும்.

கூடுதல் கட்டணத்தில் கூந்தன்குளம் சேர்க்கச் சொல்வார்கள். இந்தப் பருவத்தில் வேண்டாம். அங்கே பறவைகள் கூடுவது குளம் நிறைந்த பிறகு, மார்கழி தை மாதங்களிலிருந்துதான்.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: வன நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், ஜீப் மூன்றும் தொகையில் அடக்கமா, மழையாலோ விலங்குக் கணக்கெடுப்பாலோ மாஞ்சோலைக்கு ஏறும் மணிமுத்தாறு சாவடியை மூடினால் அந்த நாளின் பணம் திரும்புமா, அல்லது வேறு இடமா. 'அகத்தியர் அருவிக்குக் கூட்டிப்போவோம்' என்பதை மாற்று இடமாக ஏற்காதீர்கள், அது இருக்கும் பாபநாசத்துக்கு டவுன் பஸ்ஸே போகிறது.