ஏற்காடு விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு: பெயர் போட்ட பையா, பவுச்சா, பெயர்ப் பட்டையா?

மே கடைசி வந்தால் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கும் வீட்டுக்கு சொந்தபந்தத்திடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது, பேர் போட்டு ஏதாவது தெச்சுக் குடேன்." இந்த வருடம் அக்கா மகள் ஆறாம் வகுப்புக்கு ஏற்காட்டில் விடுதியில் சேர்ந்தாள். பெயர் போட்ட ஸ்கூல் பை, ஜிப் வைத்த பென்சில் பவுச், துணிகளில் தைக்கும் பெயர்ப் பட்டை என்று மூன்றை யோசித்துவிட்டு, கடைசியில் பட்டையைத்தான் அடித்துக் கொடுத்தேன். "இது என்ன சித்தி, லேபிளா?" என்று அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் பையை முடித்துவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் பை அரசாங்கமே தருகிறது, இன்னொன்று எதற்கு? ரெடிமேட் பையில் பெயர் போடுவதும் லேசான வேலை இல்லை. லைனிங்கைப் பிரிக்காமல், துணியை இழுத்துப் பிடிக்கும் மெஷின் ஃபிரேமில் மாட்டினால் உள்பாக்கெட்டும் சேர்ந்து தைபட்டுவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், மழைக்கென்று பூச்சு கொடுத்த துணியில் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். கீழே சேலத்தில் ஓட்டிவிடலாம். ஏற்காட்டில் ஜூனில் பிடிக்கும் மழை விட்டு விட்டு டிசம்பர் வரைக்கும் வரும், நோட்டு நனையும். ரெயின்கோட்டுக்கும் இதே கதை. பையில் பெயர் இருந்தே தீர வேண்டுமென்றால், தனித் துணியில் எம்ப்ராய்டரி போட்டு, இரண்டாக மடித்துத் தைத்து, ஜிப் ரன்னரில் தொங்கவிடுங்கள்.

பவுச் தைக்க ஜாலியான பொருள். உள்ளூர்ப் பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளை என்றால் நானே அதைத்தான் சொல்வேன். கவனிக்க வேண்டியது இரண்டு. புதுப் பென்சில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளம், அதனால் தைத்து முடித்த பிறகு உள்ளளவு 8½ அங்குலமாவது நிற்க வேண்டும். துணி நன்றாக இருக்கும்போதே ஜிப் போய்விடும் என்பதால் சன்ன ஜிப்பை விட்டுவிட்டு 5ஆம் நம்பர் நைலான் ஜிப் வாங்குங்கள். பெயரை முன்பக்கத் துணியில் போட்டுவிட்டு அப்புறம் ஜிப் வைப்பது சுலபம். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பையன்களுக்குப் பவுச் கொடுத்தால் பயன்படுத்துவார்களா என்று கேட்டால், எனக்கு அந்த அனுபவம் கம்மி.

இப்போது பட்டை. விடுதியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீருடை, ஒரே வெள்ளைச் சாக்ஸ், கிட்டத்தட்ட ஒரே மாதிரி துண்டு. எல்லாம் ஒன்றாகச் சலவைக்குப் போய் ஒன்றாகத் திரும்பும். மார்க்கரில் எழுதினால் துவைக்கத் துவைக்க மங்கிவிடும். சரி, சட்டையிலேயே நேரடியாக எம்ப்ராய்டரி போட்டுவிடலாமே என்றால், அங்கேதான் பராமரிப்பு குறுக்கே வருகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி இறங்கிய நாளில், கொடியில் போட்ட சட்டை சாயங்காலமும் ஈரமாகத்தான் இருக்கும். நெருக்கமாகத் தையல் விழுந்து, துணி சுருங்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கும் பேப்பரும் ஒட்டியிருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காயும். ஸ்வெட்டரில் போட்டால் பின்பக்கம் கழுத்தில் உறுத்தும்.

இன்னொன்று, அடுத்த வருடம் சட்டை சின்னதாகிவிடும். நேரடியாகப் போட்ட பெயரைப் பிரித்தால் ஊசித் துளையும் தடமும் நிற்கும். தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கத் தயக்கமாக இருக்கும். பட்டை என்றால் ஓரத் தையலை வெட்டினால் போதும். சட்டை ஒருத்திக்குப் போகும், பட்டை புதுச் சட்டைக்கு வரும். என்னைப் பட்டைப் பக்கம் தள்ளியது இதுதான்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக் காட்டன் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். துணி முன்கூட்டியே சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே பட்டை சுருண்டுகொள்ளும். வீட்டு மெஷினின் 4 அங்குல ஃபிரேமிலேயே வரிசையாக நாலைந்து பெயர் அடிக்கலாம். நூல் பாலியெஸ்டர். ரேயான் நூலின் பளபளப்பு அழகுதான், ஆனால் வெள்ளைத் துணிக்குப் பிளீச்சிங் போட்டால் அது நிறம் விட்டுவிடும். கருநீலமோ கறுப்போ எடுப்பாகத் தெரியும்.

தமிழில் பெயர் போட ஆசைப்பட்டால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். மெஷினோடு வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. தமிழுக்குத் தனியாகப் பஞ்சிங், அதாவது எழுத்தை மெஷின் தைக்கும் டிசைன் ஃபைலாக மாற்றும் வேலை, செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் 'ணி', 'ஸ்ரீ' போன்றவற்றின் சுழி அடைத்துக்கொண்டு வெறும் நூல் கட்டியாகிவிடும். விடுதியில் எண் கொடுத்திருந்தால் பெயரோடு அதையும் சேர்த்துவிடுங்கள்.

தைக்கும் இடமும் முக்கியம். சட்டைக்குக் காலரின் உள்பக்கம், பாவாடைக்கு இடுப்புப் பட்டியின் உள்பக்கம். சாக்ஸில் மட்டும் பட்டையின் ஒரு ஓரத்தை மட்டும் தையுங்கள். நாலு பக்கமும் அடித்தால் எலாஸ்டிக் இழுபடாமல் பிள்ளைக்குக் கால் இறுக்கும். துண்டுக்குப் பட்டையை வளையமாக மடித்து மூலையில் வைத்தால் பெயருக்குப் பெயர், ஆணியில் மாட்டவும் ஆகும்.

முகம் சுருங்கியதற்கு வழி சொல்கிறேன் என்றேனே, அது சுருக்குப் பை. அழுக்குத் துணி போடும் அளவுக்குப் பெரிதாகத் தைத்து, பட்டையில் காட்ட முடியாத வித்தையை எல்லாம் அதில் காட்டலாம்: பெரிய எழுத்து, பூ, பட்டாம்பூச்சி, பிள்ளை கேட்ட நிறம். மெல்லிய காட்டனாக இருக்கட்டும். ரெக்ஸின் என்றால் ஈரத் துணி உள்ளேயே நாறிவிடும். பட்டைகளில் பாதியைத் தைக்காமல், ஊசியும் வெள்ளை நூலும் சேர்த்து அந்தப் பைக்குள்ளேயே போட்டுக் கொடுங்கள். நடுவருடத்தில் வாங்கும் ஸ்வெட்டருக்கு ஆகும்.