பம்பரோடு போன விடுமுறை

அப்பாவின் பழைய காரை மறுபடி ஓடவைக்கும் வேலையில் எஞ்சினை அண்ணன் முடித்திருந்தான். பம்பர், கிரில், விளக்கு வளையங்கள், கதவோரப் பட்டிகள் என்று மினுக்க வேண்டிய சாமான்களை மட்டும் எனக்கென்று விட்டுவைத்திருந்தான். 3 வார விடுமுறை தாராளம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

முதலில் போன குரோம் முலாம் பூசும் பட்டறையில் நான்கே நாளில் தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி தந்தார்கள், அதில் குறையில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் பழைய துருக்குழிகள் அத்தனையும் பளபளவென்று தெரிந்தன. ஓரத்தில் நகத்தை வைத்தேன். முலாம் செதிலாக எழுந்து வந்தது.

இரண்டாவது இடத்தில் இருந்த பெரியவர் பம்பரைப் புரட்டி முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். "பழையதை உரிக்காமலே மேலே பூசியிருக்கிறார்கள், தம்பி" என்றார். குரோமுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அதன் கனம் பெரும்பாலும் 0.5 மைக்ரானைக்கூடத் தொடாது. கண்ணாடிப் பளபளப்பு அடியிலிருக்கும் நிக்கலுடையது. குழியைத் தூர்ப்பது அதற்கும் அடியிலிருக்கும் தாமிரம். எனவே பழைய முலாமைக் கழற்றி, நெளிவெடுத்து, தாமிரம் ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றி மறுபடி தேய்க்க வேண்டும். அடுத்த முறை நான் போனபோது பம்பர் புதுச் செப்புக்குடம் போலச் சிவந்திருந்தது. பெரியவர் விரல்நுனியை நீளவாக்கில் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். நானும் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. சாக்பீஸால் வட்டமிட்டுப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வட்டத்துக்கு இரண்டு நாள் போயிற்று.

அந்தப் பையன் முகத்தில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. குரோமிக் அமிலத் தொட்டியின் ஆவி புற்றுநோய் தரக்கூடியது. வேலையின் நேர்த்தியை எவ்வளவு மெச்சினாலும் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன், தலையாட்டினார், அவ்வளவுதான்.

கதவோரப் பட்டிகளை அவர் வாங்கவே இல்லை. அவை எவர்சில்வர், முலாமே கிடையாது, மெருகுச் சக்கரத்தில் காட்டினால் போதும் என்றார். காந்தம் ஒட்டுகிறதே என்று கேட்டேன். இந்த ரகத்தில் ஒட்டும் என்றார்.

கிரில் பள்ளங்களுக்குக் கறுப்புப் பூசியது நான்தான். முலாம்மேல் பெயின்ட் நிற்காது. நுண்ணிய எமரித்தாளால் மினுப்பைக் கொன்று, பிரைமர் அடித்த பிறகே கறுப்பு. மேட்டில் பட்டதை, அட்டையில் இறுக்கிச் சுற்றிய தின்னர்த் துணியால் காய்வதற்குள் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். இரண்டாம் இழுப்பு இழுத்தால் பள்ளத்தின் கறுப்பும் சேர்ந்து வந்துவிடும். எனக்கு மூன்று பள்ளங்களில் வந்தது.

நம்பர் பிளேட் விளக்கின் மூடி துத்தநாக வார்ப்பு, உள்ளேவரை பொரிந்துபோயிருந்தது. அமிலத்தில் இறக்கினால் மிச்சம் வராது என்று தாளில் பொதிந்து திருப்பித் தந்துவிட்டார். வேறு எங்காவது செய்யலாமென்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். விமான நிலையச் சோதனையில் எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். கார் என்றேன்.