மண்பாண்டம் வனைய முதல் மின்சக்கரம்: மேசை மெஷினா, நம்மூர் பெல்ட் சக்கரமா, ஷிம்போவா?

ஒன்றரைக் கிலோ களிமண்ணைத் தட்டின் நடுவில் அறைந்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அடுத்த நொடி சக்கரம் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உள்ளே முனகிக்கொண்டிருந்தது. ஆன்லைனில் வாங்கிய என் முதல் மேசைச் சக்கரம் அது. பெட்டியில் 350 வாட் என்று போட்டிருந்தது. 746 வாட் ஒரு எச்பி, அப்படியென்றால் இது கிட்டத்தட்ட அரை எச்பி, தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வாட்டை மட்டும் பார்த்தது தப்பு. மெதுவாகச் சுற்றும்போது கையின் அழுத்தத்தைத் தாங்கி நிற்காமல் சுற்றுமா என்பதை அந்த எண் சொல்லாது. கை பழகியவர் கொஞ்சம் பலத்திலேயே மண்ணை ஆடாமல் சுற்றும்படி தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார். புதிதாகக் கற்பவர்தான் உடம்பு பலம் மொத்தத்தையும் போட்டு அழுத்துவார். அதனால் ‘பிகினர்’ என்று பெயர் போட்டு விற்கும் சின்ன மோட்டார், உண்மையில் பிகினருக்குத்தான் ஒத்துவராது.

மேசைச் சக்கரத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரைக் கிலோவுக்குள் டீ கப், அகல் விளக்கு, பிள்ளைகளின் விடுமுறை விளையாட்டு, காய்ந்த பாத்திரத்தில் வண்ணக்கோடு இழுப்பது எல்லாவற்றுக்கும் போதும். தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் என்னுடையதில் சேற்றுத் தண்ணீர் தட்டுக்கு அடியில் இறங்கி பேரிங் கரகரத்தபோது, அதைக் கழற்றவே வழியில்லாமல் மூடியிருந்தார்கள்.

அப்புறம்தான் உள்நாட்டுப் பட்டறையில் செய்த பெல்ட் சக்கரத்துக்கு மாறினேன். இரும்புச் சட்டம், தனி மோட்டார், சின்ன புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு ஒரு பெல்ட். அந்த இரண்டு புல்லிகளின் அளவு வித்தியாசம்தான் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. மூன்று கிலோ மண்ணுக்கும் அசராது. பெல்ட் தேய்ந்தால் அதன்மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வாங்கலாம். பேரிங்கின் எண் 6205, எந்த ஊர் பேரிங் கடையிலும் இருக்கும். மோட்டார் எரிந்தால் பம்பு செட்டுக்குக் காயில் கட்டுபவரே கட்டிக்கொடுப்பார். நீடித்து உழைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

குறையும் உண்டு. சத்தம் போடும், இடத்தை அடைக்கும், சிலவற்றில் பெடலை லேசாகத் தொட்டாலே குதித்துக் கிளம்பும். பட்டறைக்குப் பட்டறை தரமும் மாறும். வாங்கும் முன் தட்டின் விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றவிடுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் தட்டு கோணல். அதில் எவ்வளவு பழகினாலும் மண் நடுவில் நிற்காது. பிறகு மெதுவான வேகத்தில் இரண்டு உள்ளங்கையாலும் தட்டை அழுத்துங்கள். திணறினால் வேண்டாம்.

ஷிம்போ என்ற ஜப்பான் கம்பெனியின் ‘விஸ்பர்’ சக்கரத்தில் ஒரு வகுப்பில் வனைந்திருக்கிறேன். பெல்ட்டே கிடையாது, தட்டு நேராக மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றுவதே காதில் விழாது. அடுக்குமாடி வீட்டில் ராத்திரி வனைபவருக்கு அது வரம்தான். ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை லட்சத்தைத் தாண்டுகிறது, கன்ட்ரோல் போர்டு போனால் உதிரிக்குக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிறார் என்றால் வோல்டேஜைக் கேளுங்கள். அங்கே 120, நமக்கு 230.

என் கணக்கில் ஆரம்பத்துக்கு பெல்ட் சக்கரம்தான். புதிதாக வாங்கப் பணம் இடித்தால் பழையது தேடுங்கள். அதற்குப் புதுச்சேரிப் பக்கம் போகலாம். அங்கே 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்க மண்பாண்டக் கலைஞர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற வனைபட்டறையைத் தொடங்கினார்கள். இன்று அந்த வட்டாரத்திலும் ஆரோவில்லிலும் செராமிக் ஸ்டுடியோக்கள் நிறைய. ஒரு வாரம் அங்கே போய்ப் பழகினால் எந்த உயரம், எந்தப் பெடல் உங்களுக்குச் சரிவரும் என்று முதுகே சொல்லிவிடும். ஸ்டுடியோவை மூடுகிறவர், பெரிய சக்கரத்துக்கு மாறுகிறவர் யார் என்ற செய்தியும் அங்கேதான் கிடைக்கும்.

எந்தச் சக்கரமானாலும் மூன்று முள் பிளக் இல்லாமல் வாங்காதீர்கள். கை முழுக்க ஈரம், பிடிப்பது இரும்பு. வீட்டில் அந்த பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே முதல் மண்ணை வையுங்கள்.