முதலில் பேரா, கடைசியில் பேரா?

பழைய படங்களில் எல்லாப் பெயரும் முதலிலேயே வந்துவிடும். தூரிகையால் எழுதிய எழுத்து, பின்னால் இசை, ஒவ்வொரு அட்டையாக மாறி கடைசியில் இயக்குநர் பெயர். செல்லூரில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பா, ‘ழ’வின் சுழிவு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று திரையைக் காட்டிச் சொல்வார். ஒளிப்பதிவு, ஒப்பனை, சண்டைப் பயிற்சி என்ற சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்ததே அங்கேதான்.

இப்போது பல படங்களில் தொடக்கத்தில் படத்தின் பெயர் மட்டும் மின்னும், மற்றவர்கள் எல்லாம் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். கதைக்குள் சட்டென்று நுழைய முடிகிறது, சரி. ஆனால் மதுரையில் எந்தத் தியேட்டரில் அந்தப் பெயர்களைப் படிக்க விடுகிறார்கள்? லைட் எரிந்துவிடும், நாமும் பைக் எடுக்க ஓடுவோம். லைட்மேனின் பெயர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓடுகிறது.

முதலில் வந்தால் சலிக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1955-லேயே அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ், ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு வெறும் வெள்ளைக் கோடுகளை அசைத்து, அவற்றைக் கோணலான ஒரு கையாக முடித்து, பெயர் வரும் நேரத்தையே கதையின் முதல் காட்சி ஆக்கினார். அவ்வளவு தூரம் ஏன்? 1992-இல் ‘அண்ணாமலை’யில் புள்ளி புள்ளியாகக் கூடிவந்த ‘சூப்பர் ஸ்டார்’ எழுத்துக்கு இன்றும் விசில் பறக்கிறது. அதே உழைப்பை எடிட்டர் பெயருக்கும் கொடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறோம்.